தண்ணீரைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெட்டி கட்டும் வேலை நடக்கும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பேரனுக்குப் பள்ளி விடுமுறை, மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு ஒத்தாசை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் இப்போது இந்தத் தெருவுக்காரர்களுக்கு விமான நிலையத்தின் வழிதான் நன்றாகத் தெரியும்.

புறப்படும் அன்று எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறோம். கேஸ் சிலிண்டரை மூடுகிறோம். ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைக்கிறோம். சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிடுகிறோம். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறோம். சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறோம். தண்ணீரைப் பற்றி மட்டும் நினைப்பதில்லை. நினைத்தாலும் தப்பாக நினைக்கிறோம். "வந்து இறங்கினதும் குளிக்கத் தண்ணி வேணும்ல" என்று மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போகிறோம்.

2017-இல் நானும் அதையேதான் செய்தேன். அதனால் வந்த வினையையும், அதே சமயம் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நான் கற்றும் கற்காமல் விட்ட ஒரு பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு மாடிக்கு ஆள் அனுப்பினாலும் போதும்.

அந்த ஆண்டு மே கடைசியில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்கு, கனடாவின் மொன்றியால் நகருக்குப் போனோம். நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த பிறகு அந்தப் பிரெஞ்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான மதுரைக்கு வந்த பிறகு சுத்தமாகவே இல்லை. மொன்றியாலில் இறங்கியதும் பார்த்தால் பலகையெல்லாம் பிரெஞ்சு. 1977-இல் அங்கே மொழிச் சட்டம் ஒன்று போட்டு, கடைப் பலகை முதல் அலுவலகக் கடிதம் வரை பிரெஞ்சுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தால் இன்னும் பத்துகிறதே என்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மருமகன் கணினி வேலைக்காரர். அலுவலகத்தில் ஆங்கிலம்தான். பிரெஞ்சு, கடையில் நன்றி சொல்லும் அளவுக்கு. அந்த வருடம்தான் அவர் பழைய இழுவை வண்டி வீடு ஒன்றை வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, கைகழுவும் தொட்டி, குளிக்க வெந்நீர் எல்லாம் உண்டு. அங்கே இதை 'ரூலோத்' என்கிறார்கள். கோடையில் ஏரிக்கரை, காட்டுப் பக்கம் என்று இழுத்துக்கொண்டு போய் நான்கு நாள் தங்கிவிட்டு வருவார்கள். நாங்களும் இரண்டு முறை போனோம். என் மனைவி அதற்குள் உட்கார்ந்து ரசம் வைத்தாள்.

அக்டோபர் பாதியில் குளிர் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து வண்டியைக் காட்டி ஏதோ கேட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், பிரெஞ்சு தவிர எதுவும் பேசமாட்டார். மருமகன் விழித்தார். நான் போய்க் கேட்டேன். "வண்டியிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டாரா உங்கள் மருமகன்?" என்பதுதான் கேள்வி. இல்லை என்றதும் மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருமன் கூடும். பெரும்பாலான பொருள்கள் குளிரில் சுருங்கும்போது தண்ணீர் உறைகையில் விரியும். மூடிய பைப்புக்குள் விரிந்தால் பைப் வெடிக்கும், மோட்டார் உடையும், வெந்நீர்க் கலம் பிளக்கும். மொன்றியாலில் ஜனவரி மாதம் சராசரியே மைனஸ் பத்தை ஒட்டி இருக்கும். அதனால் வண்டி வீடு வைத்திருப்பவர்கள் பனி விழுவதற்கு முன் அதன் தண்ணீர்ப் பாதை முழுவதையும் காலி செய்து வைக்கிறார்கள். நம் நாட்டிலும் குளிர்ப் பிரதேசத்தில் இந்தக் கஷ்டம் உண்டு. ஸ்ரீநகரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 'சில்லை கலான்' என்கிற நாற்பது நாளில் குழாய் உறைவது சாதாரணம். மதுரைக்காரனுக்குத்தான் இது கதை மாதிரி இருக்கும்.

அன்று அந்தப் பெரியவர் எங்களுக்கு ஆசானாக வந்தார். அவர் பிரெஞ்சில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, மருமகன் செய்தார். நான் மொழிபெயர்த்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். எழுத்தர் புத்தி, வரிசை தப்பக்கூடாது.

முதலில் வெந்நீர்க் கலத்தின் மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்தினோம். சூடு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கினோம். வண்டியின் வெளிப்பக்கம் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து கலத்தின் அடியிலுள்ள திருகைக் கழற்றினார் மருமகன். குபுகுபு என்று தண்ணீர் கொட்டியது. கூடவே சுண்ணாம்புச் செதில்கள். திருகோடு ஒட்டி ஒரு கம்பி வந்தது, கரையான் அரித்த குச்சி மாதிரி. அது மக்னீசியக் கம்பி. தண்ணீரிலுள்ள உப்பு கலத்தின் இரும்பை அரிக்காமல் தன்னை அரிக்கட்டும் என்று அதை உள்ளே வைக்கிறார்கள். முழுதும் கரைந்துபோனால் அடுத்தது கலம்தான். நம் வீட்டு கெய்சர்கள் பெரும்பாலானவற்றிலும் இதே கம்பி இருக்கிறது. எனக்கு அது அன்றுதான் தெரியும்.

அடுத்து நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். பைப்புகளின் தாழ்வான இடத்தில் இருக்கும் இரண்டு மூடிகளைத் திறந்து எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டோம். அப்படியும் மூலை முடுக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதற்காகத்தான் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம் விற்கிறார்கள். அதை உறையாநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைப்பில் அதை ஓட்டி நிரப்பி வைத்தால் உறைந்து வெடிக்காது.

அந்தக் கேன் வாங்கப் போன இடத்தில் என் பிரெஞ்சுக்கு ஒரு சின்ன மரியாதை கிடைத்தது. மருமகன் கை நீட்டியது கார் இன்ஜினுக்கு ஊற்றுகிற திரவத்தின் மேல். கேனின் பிரெஞ்சுப் பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. விஷம் என்று போட்டிருந்ததைப் படித்து நிறுத்தினேன். காருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எதிலீன் கிளைகால், குடித்தால் உயிர் போகும். குடிதண்ணீர்ப் பாதைக்கு வேண்டியது புரோப்பிலீன் கிளைகால். பெயரில் சின்ன வித்தியாசம்தான். "மாமா, நீங்க இல்லேன்னா தெரியாமலே எடுத்திருப்பேன்" என்றார் மருமகன். ஓய்வு பெற்ற பிறகு அரசாங்கம் கொடுக்காத பதவி உயர்வு அது.

அதை ஊற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒரு வேலைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். வெந்நீர்க் கலத்தைச் சுற்றி வழி மாற்றிவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றினால் மூன்று வால்வுகள். ஒன்று கலத்துக்குள் போகும் தண்ணீருக்கு, ஒன்று கலத்திலிருந்து வெளியே வரும் வெந்நீருக்கு, மூன்றாவது இரண்டையும் குறுக்கே இணைக்கும் சின்ன பைப்பில். முதல் இரண்டையும் மூடிக் குறுக்கு வால்வைத் திறந்தால், தண்ணீர் கலத்துக்குள் நுழையாமல் அதன் வாசலோடு திரும்பி வெந்நீர்ப் பைப்புக்குப் போய்விடும். கலத்தின் கொள்ளளவு சுமார் 22 லிட்டர். வழி மாற்றாமல் உறையாநீரை ஓட்டினால் ஆறு கேன் அதன் வயிற்றுக்கே போதாது. மாற்றிவிட்டால் இரண்டு மூன்று கேனில் வண்டி முழுவதும் முடிந்துவிடும். காலியான கலத்தில் நாலு கரண்டித் தண்ணீர் தங்கினாலும் கவலை இல்லை. உறைந்தால் விரிய இடம் இருக்கிறதே.

பிறகு மோட்டாரைப் போட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்தோம். குளிர்நீர்ப் பக்கம் இளஞ்சிவப்பு வரும்வரை, வெந்நீர்ப் பக்கம் இளஞ்சிவப்பு வரும்வரை. கழிப்பறை, வெளிப்புறக் குழாய் எதையும் விடவில்லை. கடைசியாக, கழிவுநீர்க் குழாய்களின் வளைவில் ஒரு குவளை ஊற்றினோம். எல்லாம் முடிந்ததும் பெரியவர் ஒரு ஒட்டுத்தாள் கிழித்து வெந்நீர் சுவிட்சின் மேல் ஒட்டி நாலு எழுத்து எழுதினார். 'வீத்'. காலி என்று பொருள். வசந்தத்தில் யாராவது மறந்துபோய்ச் சுவிட்சைப் போட்டால், தண்ணீர் இல்லாத கலத்தில் சூடேற்றும் கம்பி கருகிவிடும்.

காப்பி கொடுத்தபோது அவர் சொன்னார்: "வீட்டைப் பூட்ட எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை அனுப்பிவிட்டுப் பூட்டத்தான் தெரியாது." அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். மருமகன் சிரித்தார், நானும் சிரித்தேன். மாட்டுத்தாவணியில் மொட்டை மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஐந்து மாதமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்கிற நினைப்பு அப்போதுகூட வரவில்லை. அவன் ஊருக்குப் பனி, நம் ஊருக்கு என்ன என்றுதான் இருந்தேன்.

நவம்பர் மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். குளியலறைக் குழாயைத் திறந்ததும் நாற்றம். வெந்நீர்ப் பக்கம் திறந்தால் செங்கல் கரைத்த நிறம். பயணக் களைப்பில் கெய்சர் சுவிட்சைப் போட்டேன். பட்டென்று மின்சாரம் போயிற்று. பழுது பார்க்க வந்த தம்பி கழற்றிப் பார்த்தார். உள்ளே மக்னீசியக் கம்பி இருந்த இடத்தில் ஒரு முள்தான் மிச்சம். கலத்தின் அடியில் கை நிறைய உப்பு, இரும்பில் ஊசித்துளை. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீர் ஆறு மாதம் அசையாமல் உட்கார்ந்து கலத்தைத் தின்றிருக்கிறது.

கெய்சர் போனது பணத்தோடு போயிற்று. மறுநாள் மாடிக்கு ஏறிப் போனபோது பார்த்ததுதான் இன்றுவரை மனத்தில் கிடக்கிறது. தொட்டி மூடி காற்றிலோ குரங்காலோ நகர்ந்து பாதி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் பேத்தி அந்த அக்டோபரில் டெங்குக் காய்ச்சலில் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள் என்று முதல் நாள் இரவுதான் சொல்லியிருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை. தட்டணுக்கள் இறங்கி, வீடே சாப்பிடாமல் கிடந்திருக்கிறது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். 2017-இல் தமிழ்நாடு முழுக்க டெங்கு கடுமையாக இருந்தது. இருபதாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். எங்கள் தெருவுக்கும் கொசுப்புழு பார்க்கும் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் ஏறிப் பார்த்தவர்கள் எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் திரும்பிப் போய்விட்டார்களாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நல்ல தண்ணீர், அசையாத தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை. அதாவது கடிப்பது பக்கத்து வீட்டுக்காரரைத்தான். எங்கள் தொட்டியிலிருந்துதான் அந்தக் கொசு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. கோப்பு மூடாமலே கிடக்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க மாடியிலயும் ரெண்டு பழைய டயர் கிடந்துச்சு சார். மழைத் தண்ணி நின்னுச்சு. பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கும்போதுதான் எடுத்துப் போட்டேன்" என்றார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதக் கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் மாடித் தொட்டியையும் கெய்சரையும் காலி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். வசதிப்பட்டால் செய்யலாம் என்று விட்டுவிடுகிற காரியம் இல்லை. கேஸை மூடுவது எப்படியோ அப்படி. அங்கே பனி பயமுறுத்துகிறது, அதனால் செய்கிறார்கள். தப்பு செய்தால் அவர்கள் வண்டிதான் வெடிக்கும். இங்கே நாம் செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை படுக்கிறது. எது பெரிய காரணம்?

இதைச் சொன்னால் மூன்று மறுப்பு வருகிறது. மூன்றும் என்னிடமே இருந்தவைதான்.

முதலாவது, "தண்ணி கிடைக்காத ஊர்ல ஆயிரம் லிட்டரைக் கொட்டுறதா?" நியாயமான கேள்வி. கொட்ட வேண்டாம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மோட்டார் போடாதீர்கள். துணி துவையுங்கள், வீட்டைக் கழுவுங்கள், மிச்சத்தைச் செடிக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் விடுங்கள். கடைசியில் இருபது குடம்கூட மிஞ்சாது. ஆறு மாதம் கழித்து வந்து, நாறிப்போன ஆயிரம் லிட்டரைச் சாக்கடையில் கொட்டினேனே, அதுதான் வீண்.

இரண்டாவது, "தண்ணி நிறைஞ்சிருந்தாத்தான் கெய்சர் துருப்பிடிக்காது" என்று சில பிளம்பர்கள் சொல்வது. பத்துப் பதினைந்து நாள் பயணத்துக்குச் சரி. அப்போது மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதும். ஆறு மாதத்துக்கு, அதுவும் நம் உப்புத் தண்ணீரில், எனக்குச் சம்மதமில்லை. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா என்கிற கிருமி ஒன்றும் உண்டு. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. 2012-இல் கியூபெக் நகரத்தில் ஒரு கட்டடத்தின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து பரவிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். குடித்தால் அல்ல, தண்ணீர்த் தூவலை மூச்சில் இழுத்தால் நுரையீரலைப் பிடிக்கும். வயதானவர்களைத்தான் அதிகம் தாக்கும். நம் மாடித் தொட்டி மதுரை வெயிலில் எப்போதும் வெதுவெதுப்புதான்.

மூன்றாவது, "சாவி கொடுத்திருக்கோம், அவங்க பார்த்துக்குவாங்க." பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம் வயதுதான். அவரை ஏணியில் ஏற்றுவது நியாயமா?

செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் மின்சாரம் இருக்கிறது, ஏணி இருக்கிறது. அதனால் நாம் மேற்பார்வை மட்டும். கை வேலைக்குப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கெய்சரின் மின்சாரத்தை நிறுத்தி, ஆற விடுங்கள். தண்ணீர் உள்ளே போகும் வால்வை மூடி வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காலியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. கலத்தின் மேல்மட்டத்திலிருந்துதான் வெந்நீர் வெளியேறும். கீழிருந்து புதுத் தண்ணீர் தள்ளினால்தான் அது வரும். தள்ள ஆள் இல்லாவிட்டால் 15 லிட்டரோ 25 லிட்டரோ அப்படியே உள்ளே நிற்கும். அடியிலுள்ள இணைப்பைக் கழற்றியோ, வடிகால் திருகு இருந்தால் அதைத் திறந்தோதான் இறக்க வேண்டும். அப்போது வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்கட்டும், காற்று உள்ளே போக வேண்டும்.

கெய்சர் மாற்றும்போதே அந்த மூன்று வால்வு ஏற்பாட்டைப் போடச் சொல்லுங்கள். நான் புதிது வாங்கியபோது கேட்டேன். "இப்படி யாரும் கேட்டதே இல்லையே சார்" என்றார் பிளம்பர். இரண்டு வால்வும் ஒரு முழ பைப்பும்தான் கூடுதல் செலவு. கெய்சர் பழுதானாலும் குளியலறை நிற்காது. கோடையில் மாடித் தண்ணீரே கொதிக்கும்போது கெய்சரை ஒதுக்கி வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கெய்சர் ஓடும் நாளில் குறுக்கு வால்வு மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர் கலந்து வெந்நீர் சூடில்லாமல் வரும். வால்வுகளைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். கழுவிய பிறகு மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டி காலியானால் காற்றுக்கு நகரும், அதையும் சேர்த்துக் கட்டுங்கள்.

கழிவுநீர்க் குழாய் வளைவுகளில் நிற்கும் தண்ணீர் ஒன்றிரண்டு மாதத்தில் வற்றிவிடும். பிறகு அதன் வழியாக நாற்றமும் கரப்பானும் மேலே வரும். அங்கே உறையாநீர் ஊற்றிய இடத்தில், இங்கே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீரைச் சீக்கிரம் வற்றவிடாது. சிக்கனமான வைத்தியம்.

கடைசியாக, கெய்சர் சுவிட்சில் ஒட்டுத்தாள் ஒட்டி 'காலி' என்று எழுதுங்கள். திரும்பி வந்ததும் களைப்பில் முதலில் போடுகிற சுவிட்ச் அதுதான். தொட்டியை ஒரு முறை கழுவி நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்றுப் புடைப்பு நின்று தண்ணீர் சீராக வரும்வரை விட்டு, அதற்கப்புறம்தான் தாளைக் கிழிக்க வேண்டும்.

இவ்வளவு எழுதினாலும் குறை நம்மிடம் மட்டும் இல்லை. கட்டுகிறவர்களும் மாற வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வண்டியூர்க் கண்மாய். கண்மாய் வெட்டியவர்கள் தண்ணீர் வரும் வழிக்கு வரத்துக்கால் வைத்தார்கள், வேண்டும்போது திறக்க மடை வைத்தார்கள், மிஞ்சினால் போகக் கலுங்கு வைத்தார்கள். இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் வீட்டில் தண்ணீர் ஏறுவதற்கு மோட்டார் இருக்கிறது. முழுதாக இறங்குவதற்கு வழி இல்லை. பல தொட்டிகளில் குழாய் அடிமட்டத்துக்கு நாலு விரல் மேலேதான் இருக்கிறது. எவ்வளவு திறந்துவிட்டாலும் அடியில் சேறும் தண்ணீரும் தங்கும். அடிமட்டத்தில் ஒரு வடிகால் குழாய் வைக்க என்ன செலவாகிவிடும்? வீடு கட்டுகிறவர்கள், அடுக்ககத்தில் குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகளும், "பாஸ்போர்ட் எடுத்து வெச்சாச்சா" என்று கேட்பதோடு "டேங்க் காலி பண்ணியாச்சா" என்றும் கேட்க வேண்டும்.

அதன்பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டோம். இரண்டு முறையும் காலி செய்துவிட்டுத்தான் பூட்டினோம். திரும்பி வந்த அன்று குளிக்கத் தண்ணீர்? பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வாளி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தது அந்தப் பெண்தான், இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். "தாத்தா, போன வாரம் அப்பாகூட மாடிக்குப் போய்ப் பார்த்தேன், மூடி கட்டினபடியே இருக்கு" என்றாள்.

இந்த மேயிலும் பயணம் இருக்கிறது. பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. பிளம்பருக்குச் சொல்லியாயிற்று.